மேம்பாலம் வரை ஓடிய கார்

எங்கள் பக்கத்தில் பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பதில்லை. "தண்ணியில நின்னுச்சா?" என்றுதான் கேட்பார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். ஒரு மழையில் அடையாறு பெருகி, அனகாபுத்தூரில் எங்கள் தெருவுக்குள் வந்து, என் பெட்ரோல் காரை சீட்டு உயரத்துக்கு முக்கிவிட்டுப் போயிருந்தது. இன்சூரன்ஸ்காரர் பார்க்க வந்த அன்று உள்ளே ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. தவளையையும் சேர்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். பணம்தான் கடைசிவரை வரவில்லை.

அதன்பிறகு பஸ், ரயில், ஷேர் ஆட்டோ. முட்டியில் ஆபரேஷன் ஆனதும் அதுவும் முடியாமல் போயிற்று. நான் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடம் சிங்கப்பெருமாள் கோவிலில், வீட்டிலிருந்து முப்பத்திரண்டு கிலோமீட்டர். "முடியலைன்னா விருப்ப ஓய்வு வாங்கிக்குங்க டீச்சர். உடம்புதானே முக்கியம்" என்று தலைமையாசிரியர் வாரம் ஒருமுறை அன்போடு சொல்வார். அவருடைய மச்சினி கணக்கில் பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அந்த அன்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். கார் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் என் நாற்காலியை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டும்.

எலக்ட்ரிக் கார் வாங்கலாம் என்றவர் என் கணவர். "பெட்ரோலே வேணாம். செல்போன் மாதிரி ராத்திரி சார்ஜ்ல போட்டா காலையில கெளம்பிடலாம்." அவருடைய செல்போன் மத்தியானம் இரண்டு மணிக்கே செத்துப்போகும். அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

விற்கிறவர் மேடவாக்கத்தில் அடுக்குமாடி ஒன்றின் ஏழாவது மாடியில் இருந்த கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர். முப்பது வயது இருக்கும். என்னை ஆன்ட்டி என்றார். சோதிக்கிறதற்கு எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனையும் கூட்டிப் போயிருந்தோம். வெள்ளத்தில் நின்ற வண்டியை அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். அந்த வெள்ளத்தில் அவர் கடையே முங்கியது.

மூன்று பேரும் வேலையைத் தொடங்கினோம். தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்து பார்த்தோம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக்கறை தேடினோம். ஸ்டெப்னி வைக்கிற பள்ளத்தில் அண்ணன் விரலை விட்டுத் துடைத்து என் கணவரிடம் நீட்டினார். அவரும் முகர்ந்தார். பிறகு அண்ணன் பானெட்டைத் திறந்தார்.

"இன்னா தம்பி, உள்ள ஒண்ணியும் காணோம்? ஸ்டார்ட் பண்ணு."

"ஸ்டார்ட்லதான் இருக்கு அண்ணா."

அண்ணன் குனிந்து காதை வைத்தார். நிமிர்ந்தார். "சத்தமே இல்ல. சூப்பர் வண்டி டீச்சர்."

இருந்தும் எனக்குச் சந்தேகம் போகவில்லை. "இங்க பேஸ்மென்ட்ல தண்ணி வந்திருக்குமே?" என்றேன்.

அந்த ஆள் போனை எடுத்துப் போட்டோ காட்டினார். மழை எச்சரிக்கை வந்தால் இந்தப் பக்கத்தில் கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அந்த வரிசையில் இந்தக் காரும் இருந்தது. அடுத்த வருஷப் போட்டோவிலும் அதே இடத்தில் நனைந்துகொண்டு நின்றது. என் கணவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கிலோமீட்டர் வேறு மிகவும் குறைவு. அடுக்குமாடியைச் சுற்றி ஒரு ரவுண்டு, தண்ணி லாரிகளுக்குப் பின்னால் கொஞ்சம் தூரம் ஓட்டிப் பார்த்தோம். ஏசி ஜில்லென்று இருந்தது. வாங்கிவிட்டோம்.

திங்கட்கிழமை முழு சார்ஜோடு கிளம்பினேன். பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. திரும்பும்போது ஊரப்பாக்கத்தில் ஏசியை அணைத்தேன். வண்டலூரில் பாட்டை அணைத்தேன். பெருங்களத்தூர் சிக்னலுக்கு முன்னால் திரையில் ஒரு ஆமைப் படம் வந்தது. அது எதற்கு என்று யோசிப்பதற்குள் வண்டி நின்றுவிட்டது. பின்னால் ஜிஎஸ்டி ரோடே ஹாரன் அடித்தது.

இரண்டு பேர் வந்து தள்ளினார்கள்.

"இன்னா அக்கா, பெட்ரோல் காலியா?"

"இதுல பெட்ரோல் கிடையாது."

"அதான் தெரியுதே. போட்டுட்டு வர வேண்டியதுதான?"

"பெட்ரோலே போட முடியாதுப்பா. கரண்டு வண்டி."

"அப்ப இன்னாத்துக்கு அக்கா இத்த வாங்கினே?" என்றார் மற்றவர். அன்றைக்கு என்னிடம் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான்.

ஓரமாக நின்றபடி விற்ற ஆளுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் நிதானமாகவே பேசினார்.

"வொர்க் ஃப்ரம் ஹோம் ஆன்ட்டி. ரெண்டு வருஷமா வண்டியை எடுக்கவே இல்ல. மழைன்னா மட்டும் பாலத்துக்குக் கொண்டுபோவேன். பேஸ்மென்ட்ல பிளக் போட அசோசியேஷன் விடல. அதனால அடிக்கடி சுத்தமா சார்ஜ் இறங்கிடும். பேட்டரி கொஞ்சம் அடி வாங்கியிருக்கும்."

"இதை ஏன் சொல்லல?"

"நீங்க தண்ணி பத்தி மட்டும்தானே கேட்டீங்க ஆன்ட்டி?"

அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதில்தான் எனக்கு வயிறு எரிந்தது. மூன்று பேர் போய் ஒரு மணி நேரம் தண்ணீரைத் தேடினோம். கரண்டை ஒருத்தரும் தேடவில்லை. போக முப்பத்திரண்டு, வர முப்பத்திரண்டு. இந்தக் கூட்டலைப் போடாமல் கையெழுத்துப் போட்டவள் கணக்கு டீச்சர்.

வண்டியைக் கட்டி இழுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். என் கணவர் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, "பேசாம வேலையை விட்டுடேன்" என்றார். அன்று அவருக்கு விழுந்த திட்டு மேல் வீடுவரை கேட்டிருக்கும்.

மறுநாள் தலைமையாசிரியரிடம் போனேன். பகலில் சார்ஜ் போட ஒரு பிளக் கேட்டேன். "ஆடிட்ல கேப்பாங்க டீச்சர்" என்றார். அவர் அறையில் மீன் தொட்டிக்கு இருபத்துநாலு மணி நேரமும் மோட்டார் ஓடுகிறது. மீனை ஆடிட்டில் கேட்க மாட்டார்கள் போல. "நான் அப்பவே சொன்னேன், உடம்பைப் பாருங்க" என்று ஆரம்பித்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே மாவு மில். அதை நடத்துகிற அம்மாவின் பெண் பத்தாவது, என் வகுப்புதான். வீட்டுக்கணக்கு போடாததற்கு அவளைப் பல நாள் வெளியே நிறுத்தியிருக்கிறேன். வேறு வழியில்லாமல் போய்க் கேட்டேன்.

"எம் பொண்ண வெயில்ல நிக்க வெச்ச டீச்சர்தான நீங்க?"

"வெயில்ல இல்ல. வராண்டாவுல."

"வராண்டாவுல வெயில் வரும்." மிளகாய்த் தூளைத் தட்டிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி, வண்டிய உள்ள வுடுங்க. சாய்ந்திரம் ஒரு மணி நேரம் இவளுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்துட்டுப் போங்க. பெயிலாச்சுன்னா பிளக்கப் புடுங்கிடுவேன்."

ஏழு மாதமாக அப்படித்தான் போய் வருகிறேன். அரைவை நடக்கும்போது அவர் மோட்டாரும் என் காரும் சேர்ந்து ஓடாது, ஃபியூஸ் போய்விடும். அதனால் அவர் அரைவையை மத்தியானத்தோடு முடித்துவிடுகிறார். காருக்குள் எப்போதும் மிளகாய் நெடி. ஏறியதும் என் கணவர் தும்முகிறார். ஒரு நாளும் நான் லேட்டாகப் போகவில்லை. தலைமையாசிரியரின் மச்சினி வேறு ஏதோ பள்ளியில் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி.

நேற்று சாயங்காலம் வண்டி ஃபுல் என்று காட்டியது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். கல்லாவிலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது.

"இன்னா டீச்சர், கெளம்பிட்டீங்க? இவ இன்னும் ரெண்டு கணக்கு போடாம வெச்சிகினு கீறா."

பையைக் கீழே வைத்துவிட்டு மாவு மூட்டை மேல் மறுபடியும் உட்கார்ந்தேன்.