ஆயாம்மாவின் பாத்தி

அடி அண்ணாமலையில் நான் வேலை பார்த்த பள்ளியைக் கூட்டிப் பெருக்க ஓர் ஆயாம்மா வருவார். நெட்டையான ஆள். முற்றத்தில் ஒற்றைச் சருகு விழுந்தாலும் அவர் கை துடைப்பத்தைத் தேடும்.

வருஷா வருஷம் ஏறும் வெயிலில் மண்ணின் ஈரத்தைக் காப்பது எப்படி என்று பார்க்க, என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கத்திரிப் பாத்தியில் சருகு பரப்பி மூடாக்குப் போட்டார்கள். மறுநாள் காலை பாத்தி பளிச்சென்று இருந்தது. ஆயாம்மா சுத்தமாகக் கூட்டி அள்ளிவிட்டார்!

கத்தினேன். "குப்பைக்குள்ள செடி இருந்தா பார்க்க நல்லாவா இருக்குது, சார்?" என்றார்.

பிள்ளைகள் விடவில்லை. பாதிப் பாத்தியில் மறுபடி சருகு போட்டு, உச்சி வெயிலில் அவரைச் செருப்பில்லாமல் நிற்க வைத்தார்கள். வெறும் மண்ணில் துள்ளினார். சருகுக்குள் கால் வைத்தவர் நகரவேயில்லை. "அடப்பாவிங்களா, ஜில்லுனு இருக்குது!"

பௌர்ணமிக்கு மறுநாள் ஒரு மூட்டையோடு வந்தார். உள்ளே, கிரிவலப் பாதையில் அன்னதானம் சாப்பிட்டவர்கள் போட்ட இலைத் தொன்னைகள். "சருகு கம்மியா இருந்துச்சுங்க," என்று பாத்தி முழுக்கப் பரப்பினார். புளியோதரை வாசனைக்கு ஊர்க் காக்கையெல்லாம் இறங்கிவிட்டது. அன்று முழுக்கத் துடைப்பத்தை ஓங்கியபடி பாத்தியையே சுற்றி வந்தார்.

முற்றம் ஏன் கூட்டவில்லை என்று தலைமையாசிரியர் என்னிடம் கேட்டார்.

"ஆயாம்மா இன்னைக்கு கிளாஸ்ல இருக்காங்க, சார்," என்றேன்.