பிளக்கை முகர்ந்து பார்த்த டீமேக்கர்

றக்வான தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பலசரக்குக் கடை, மாடி வீடு, உடைசலாக வாங்கி நானே ஓட வைத்த பழைய கார், எல்லாம் இந்தக் கைகளால் உண்டானவை. ஆனாலும் ஒரு காலையில் டீமேக்கர் வராதிருந்தால் நான் தோற்றிருப்பேன்.

அன்று இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் என் மனைவிக்குக் கண் ஆபரேஷன். அவளை ஏற்றிப் போகையில் தேயிலை ஃபெக்டரி வளைவில் கார் உதறி உதறி நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால், புதிதாகப் போட்ட ஸ்பார்க் பிளக்குகள் அத்தனையும் கரி பிடித்திருந்தன.

ஃபெக்டரியில் தேயிலைத் தூளின் பக்குவம் பார்க்கும் டீமேக்கர் இறங்கி வந்தார். எதையோ மோப்பம் பிடிப்பதுபோலத் தலைசாய்த்து நடக்கும் ஒல்லி மனிதர். கொழுந்தை முகர்வதுபோலவே பிளக்கையும் முகர்ந்தார்.

"ஓயில் வாடை இல்லீங்க முதலாளி, பெட்ரோல்தான். இஞ்சினுக்குக் காத்து பத்தல. காரை எங்க நிப்பாட்டுவீங்க?"

"ஒங்க ஃபெக்டரி செவுத்தோரந்தாங்க. நல்ல நெழலு."

"நல்ல எடம் பாத்தீங்க! எங்க ஃபேன் தூசியெல்லாம் அங்கதானே ஊதுது!"

ஏர் ஃபில்டரைத் திறந்தால் தேயிலைத் தூசி பஞ்சாய் அப்பியிருந்தது.

"இதுலயே ரெண்டு கோப்ப டீ ஊத்தலாங்க" என்றாள் மனைவி.

ஃபில்டரைத் தட்டி, பிளக்குகளைச் சுரண்டிப் பூட்டினேன். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். இன்று அவள் கண்ணாடியில்லாமல் அரிசியில் கல் பொறுக்குகிறாள்.

அவர் மாற்றலாகிப் போய்விட்டார். அந்த மூக்குக்கு நான் சாகும்வரை நன்றி சொல்வேன். ஆனால் காரை ஓட வைத்ததே டீமேக்கர்தான் என்று ஊரில் பேசுகிறார்கள். முகர்ந்தவர் அவர், சுரண்டிப் பூட்டி, அத்தனை வளைவிலும் ஓட்டியவன் நான். பேசுகிறவர்கள் அதையும் சேர்த்துப் பேச வேண்டும்.