தவமணியின் அங்கத்துவ அட்டை

1986 ஒக்டோபர் 17, வெள்ளிக்கிழமை. ஐந்தரைக்கு எழும்பினேன். வாரத்துச் சட்டைகள் ஆறையும் தோய்த்து மொட்டைமாடிக் கம்பியில் போட்டேன். எட்டு மணிக்கு முன்பே காய்ந்துவிட்டன. அன்று சமையல் என் முறை. ஆறு பேருக்குப் பருப்பும் மீன் குழம்பும் வைத்தேன். ஒரு மணிக்குச் சலீம் காக்கா ஜும்ஆ தொழுகை முடித்து வந்ததும் எல்லோரும் சாப்பிட்டோம். மூன்றே முக்காலுக்கு, அல் குசைஸில் எங்கள் அறையிலிருந்து நானும் காக்காவும் ஒரு கடை பார்க்கப் புறப்பட்டோம். அந்தக் கடையின் விசேஷம், உள்ளே போவதற்கே காசு கட்ட வேண்டும் என்பது.

ஊரில் இதை வாசிப்பவர்கள் நான் வேடிக்கை சொல்வதாக நினைக்கக்கூடும். இல்லை. ஷார்ஜாப் பக்கம் போகும் வீதியில், மணல்வெளிக்கு நடுவே, ஒரு பெரிய களஞ்சியத்தைப் புதிதாகத் திறந்திருந்தார்கள். வருடத்துக்கு நூறு திர்ஹம் கட்டி அங்கத்தவராகச் சேர்ந்தால் ஓர் அட்டை தருவார்கள். அட்டை உள்ளவர் மட்டுமே அங்கே வாங்கலாம். எல்லாப் பொருளும் மொத்தமாகத்தான். விலை வெளியைவிடக் குறைவு. இந்த நூறு திர்ஹம் பெறுமதியானதா என்று பத்து நாளாக எங்கள் அறையில் வாதம் நடந்தது.

சலீம் காக்கா கீழக்கரைக்காரர். என்னைவிட நாலு வயது மூத்தவர். பதினொரு வருடமாகப் பக்கத்துத் தெருவில் ஒரு சிறிய பலசரக்குக் கடையில் நிற்கிறார். அவருக்கு இந்த ஏற்பாடு அடியோடு பிடிக்கவில்லை.

"சரக்குக்குக் காசு கேட்டா நியாயம். சரக்கப் பாக்குறதுக்கும் காசு கேக்குறானே, இது என்னா சர்க்கஸா?" என்றார், கடை பிக்கப்பை ஓட்டிக்கொண்டே. "நம்ம கடைக்கு வர்றவன் வாசப்படில நின்னா, உள்ள வாங்கன்னு நாம டீ வாங்கிக் குடுக்குறோம்."

ஆனால் உள்ளே நுழைந்ததும் அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

நான் ஒரு கட்டுமானக் கம்பனியில் ஸ்டோர்கீப்பர். அதற்கு முன் வலிகாமத்தில் பதினாறு வருடம் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். சாமான் அடுக்குவது என் தொழில். ஆகவே நான் கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். கூரை எங்கள் நாலு மாடிக் கட்டடத்தின் உயரம். இரும்புத் தட்டுகள் கூரைவரை போயின. ஒரு வரிசையின் இந்த முனையில் நின்றால் மறு முனையில் நிற்பவரின் முகம் தெரியவில்லை. அரிசி மூட்டைகள் மட்டும் ஒரு வரிசை. நான் நடந்து பார்த்தேன்: நூற்றுப் பன்னிரண்டு அடி. பால்மா டின்கள் எங்கள் சைட்டில் செங்கல் அடுக்குவதுபோல அடுக்கப்பட்டிருந்தன. வெண்ணெய்க்கட்டி வைத்திருந்த குளிரறைக்குள் ஒரு லொறி நுழைந்து திரும்பலாம். வெளியே நாற்பது பாகை வெயில். உள்ளே எனக்கு மயிர் கூச்செறிந்தது. குளிரினால் மட்டுமல்ல. எந்தத் தட்டிலும் ஓர் இடைவெளி இல்லை. ஒருவர் ஒரு பெட்டியை எடுத்தால், மஞ்சள் நிற இயந்திரம் ஒன்று யானைபோல வந்து, இரண்டு இரும்புக் கொம்புகளில் இன்னோர் அடுக்கைத் தூக்கி அந்த இடத்தை நிரப்பிவிட்டுப் போனது.

"அல்லாவே," என்றார் காக்கா மெதுவாக. "மேனேஜரு, இதுல நம்ம கடை எத்தன அடங்கும்?"

"நூற்றுக்கு மேலை."

"உடனே சொல்றீங்களே. கொஞ்சம் யோசிக்கிற மாதிரியாவது நடிக்கப்படாதா?"

எனக்கு அப்போது என் சங்கக்கடையின் தட்டுகள் ஞாபகம் வந்தன. எழுபதுகளின் முன்பாதியில் மா தட்டுப்பாடு, சீனி தட்டுப்பாடு. அங்கும் அட்டை இருந்தது, கூப்பன் என்போம். வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயருக்கும் இவ்வளவு சீனி, இவ்வளவு அரிசி என்று அளவு. இங்கே அட்டை இருப்பவர் நிறைய வாங்கியே ஆகவேண்டும். அங்கே அட்டை இருந்தாலும் கொஞ்சம்தான் கிடைக்கும். வீட்டில் இல்லாதவர் பெயரை வெட்டிவிட வேண்டும் என்பது எங்களுக்கு வந்த உத்தரவு. நான் உத்தரவுப்படி நடப்பவன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிவப்புப் பேனையுடன் பதிவேட்டைத் திறப்பேன். அப்படித்தான் ஒருநாள் பாக்கியம் என்ற பெண்ணின் கூப்பனை எடுத்தேன். அவள் கணவன் கப்பலில் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"மனேஜர், மனுசன் இந்த மாசம் வந்திடும். பேரை வெட்டாதேங்கோ."

"வந்தால் நானே திரும்ப எழுதுறன்."

"சீனிக்கு இல்லை மனேஜர். சீனியை நீங்களே வச்சிருங்கோ. பேர் கிடக்கட்டும் எண்டுதான் கேக்கிறன்."

அடிமட்டத்தை வைத்து, கோடு நேராக வரும்படி வெட்டினேன். அன்றைக்கு அது சரியான காரியமாகவே பட்டது.

களஞ்சியத்தின் வாசலருகே அங்கத்தவர் பதிவுக்கு ஒரு மேசை. அதில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண் இருந்தாள். வந்து மூன்று வாரம்தான் ஆகிறது என்று அவளே சொன்னாள். பாஸ்போட் பிரதி வேண்டும் என்று கேள்விப்பட்டு, நான் என் கோப்பை முழுவதுமாகக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அது என் மனைவி தவமணியின் விசா விண்ணப்பக் கோப்பு. கம்பனியின் சம்பளக் கடிதம், கல்யாணச் சான்றிதழ், அரபு மொழிபெயர்ப்பு, அவளுடைய படம் மூன்று. எல்லாம் மறுநாள் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கம்பனியின் மந்தூபிடம், அதாவது அரசாங்கக் கந்தோர்களுக்கு நடந்து காரியம் பார்க்கும் எகிப்தியரிடம், கொடுக்க வேண்டியவை. அவர் அன்றைக்கே கடதாசிக் கட்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பித்துவிட்டு, ஞாயிறு இரண்டு மாத லீவில் ஊர் போகிறார். சம்பளக் கடிதம் ஒரு மாதத்துக்கே செல்லும். இந்தக் கடிதத்தை வாங்க நான் மூன்று வருடம் காத்திருந்தேன். அந்த மூன்று வருடமும் யாழ்ப்பாணத்தில் எப்படிப் போயின என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. படங்கள் சுன்னாகத்து ஸ்டூடியோ ஒன்றில் எடுத்து, கொழும்பு வழியாக வந்த ஒருவர் கையில் கொடுத்தனுப்பியவை. வந்துசேர ஏழு கிழமை ஆனது.

பெண் படிவத்தை நிரப்பினாள். ஒரு கட்டணத்துக்கு இரண்டு அட்டை, கணவனுக்கும் மனைவிக்கும் என்றாள். கல்யாணச் சான்றிதழைப் பார்த்து, நான் கேட்காமலே இரண்டாவது வரியில் தவமணியின் பெயரை அழகாக எழுதினாள்.

"மேடம் வேர், சார்?"

"மேடம் கமிங்," என்றேன். அது பொய் அல்ல.

"டுடே?"

நான் பதில் தேடுவதற்குள் சலீம் காக்கா, "இன்ஷா அல்லாஹ்," என்று சொல்லிவிட்டார்.

இங்கே பல காலம் இருந்தவர்களுக்கு அந்தப் பதிலின் நீளம் தெரியும். அவளுக்குத் தெரியவில்லை. "ஓகே சார், ஐ வெயிட்," என்று பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தவமணி வாகனத் தரிப்பிடத்திலிருந்து நடந்து வருகிறாள் என்று நினைத்தாள் போலும். என்ன மாயமோ, நானும் கதவைப் பார்த்தேன். ஒரு பாகிஸ்தானியக் குடும்பம் வந்தது. இரண்டு அரபுப் பெண்கள் வந்தார்கள். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டது.

"நாலு நிமிஷம் ஆச்சு மேனேஜரு," என்று காதில் சொன்னார் காக்கா. "இன்னும் பாத்தா எனக்கே நம்பிக்கை வந்துரும் போல."

ஸ்ரீலங்காவில் இருக்கிறாள் என்று ஒருவாறு விளங்கப்படுத்தினேன். பெண்ணின் முகம் வாடியது. "நோ மேடம், நோ போட்டோ, கான்சல் சார். சாரி." பேனையை எடுத்தாள். பக்கத்தில் கிடந்த அடிமட்டத்தையும் எடுத்து, தவமணியின் பெயருக்கு மேல் நேராக வைத்தாள்.

என் கை கோப்புக்குள் போனது எனக்குத் தெரியாது. படம் மேசையில் இருந்தது.

அவள் அதை அட்டையில் பசை தடவி ஒட்டினாள். பாதி படத்திலும் பாதி அட்டையிலும் விழும்படி நீல முத்திரை குத்தினாள். பிளாஸ்டிக் உறைக்குள் செருகி இரண்டு கையாலும் நீட்டினாள். "வெரி பியூட்டிபுல், சார். வெல்கம், மேடம்," என்று படத்தைப் பார்த்தே சொன்னாள். அந்தப் பெரிய கூரைக்குக் கீழே, இன்னும் கடல் கடந்து வந்திராத என் மனைவி அங்கத்தவரானாள். அதன் பிறகு அந்தத் தட்டுகளுக்கிடையே நான் தனியாக நடக்கவில்லை. பத்து இறாத்தல் பால்மா டின் ஒன்று, அரிசி மூட்டை ஒன்று, எண்ணெய், சவர்க்காரம் வாங்கினோம். உலகத்தில் இவ்வளவு பண்டம் இருக்கிறதா என்று அவள் கேட்பதுபோலவே இருந்தது.

திரும்பும் வழியில் காக்கா கணக்குப் பார்த்தார். "நம்ம ஆறு பேரு ஒரே மெஸ்ஸுல இருக்குற வரைக்கும் நூறு திர்ஹத்த எடுத்துரலாம். லாபந்தான். ஒத்துக்குறேன். ஆனா ஒங்க வீட்டுல வந்துட்டா நீங்க தனி ரூம் போயிருவீங்க. ரெண்டு பேரு இந்த டின்ன எந்தக் காலத்துல தின்னு முடிக்கிறது? அப்ப நட்டம்."

நானும் அதையே மனதில் போட்டுப் பார்த்திருந்தேன். கணக்கு சரி. தவமணி வராவிட்டால் இந்த அட்டை இலாபம்; வந்தால் நட்டம். நூறு திர்ஹம் கொடுத்து நட்டப்பட வேண்டும் என்று ஆசைப்பட்டவன் அந்தக் களஞ்சியத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஏழரை மணிக்குக் கோப்பை நாளைக்காகச் சரிபார்த்தேன். பட்டியலில் ஒவ்வொன்றாகக் கோடிட்டு வந்தேன். படம் மூன்று என்ற இடத்தில் பேனை நின்றது. கோப்பில் இரண்டுதான் இருந்தன.

பதியாமல் ஒரு ஆணிகூட வெளியே விட்டவனல்ல நான்.

"ஸ்டூடியோல காட்டி ஒரு காப்பி எடுக்கலாம்ல?" என்றார் காக்கா.

"வெள்ளி பூட்டு. நாளைக்கு ஒன்பதுக்குத்தான் திறப்பான். மந்தூப் ஏழு மணிக்கு."

அவர் அட்டையை உறையிலிருந்து எடுத்து, நகத்தால் படத்தின் மூலையைக் கிளப்பிப் பார்த்தார். கடதாசி கிழிய வந்தது. உடனே கையை எடுத்துவிட்டார். சற்று முன்வரை சிரித்துக்கொண்டிருந்தவர் முகம் மாறிவிட்டது.

"இதுல ஒங்க வீட்டு ஆள் வர்றதே இருக்கு. பதட்டத்துல தொட வேணாம். நான் கடையில தபால் தலைய ஆவி காட்டித்தான் எடுப்பேன். காலைல கேத்தில் வைக்கும்போது எடுத்துருவோம்." பிறகு மெதுவாகக் கேட்டார்: "எடுத்துட்டா அவங்க கார்டு செல்லாதே?"

"பேர் இருக்கும்," என்றேன்.

ஒக்டோபர் 18, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து முதலில் கேத்திலை அடுப்பில் வைத்தேன். காக்கா சுபஹு தொழுதுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். ஆவி வந்ததும் தவமணியின் அட்டையை அதன் மேல் பிடித்தேன். ஐந்து நிமிடத்தில் பசை இளகியது. படம் கிழியாமல் வந்தது. முத்திரையின் பாதி அவளது வலது தோளில் இருந்தது. மறுபாதி அட்டையில், வெறும் சதுரம் ஒன்றின் ஓரமாக. படத்தைத் துடைத்து மற்ற இரண்டுடன் கோப்பில் வைத்தேன். அட்டையை உறைக்குள் செருகி என் சட்டைப் பைக்குள் போட்டேன். பிறகு புதிய டின்னைத் திறந்து, ஆறு பேருக்குத் தேநீர் போட்டேன்.