வாயு என்று சொன்னவள்

எங்கள் கடற்கரையில் நெஞ்சுவலி என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் சொன்ன வீட்டுக்கே வரும் என்று ஒரு பயம். தோளில் பிடித்தாலும் மாரில் அடைத்தாலும் முதுகில் குத்தினாலும் எல்லாம் வாயுதான். சுக்குத் தண்ணியோ சோடாவோ குடித்து ஒரு ஏப்பம் விட்டால் வீட்டுக்கே நிம்மதி. பள்ளிக்கூடத்தில் இருபது வருடமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற நானும் இதற்கு விலக்கில்லை.

ஆகவே, கடியப்பட்டணத்தில் மீன்பிடி வள்ளத்தை விட்டு இறங்கிய என் கணவர் மாரைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்த அன்று காலையிலும் அதே சொல்தான் என் வாயில் வந்தது. நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் என்ன செய்கிறது என்று நர்ஸ் கேட்டாள். வாயு என்றேன். வலிக்கு நடுவே அவரும் ஆமாம் என்று தலையாட்டினார்.

வாயுவுக்கு ஓர் ஊசி போட்டு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சட்டையைப் பிழியலாம், அவ்வளவு வியர்வை. இடது கை மரத்துப் போகிறது என்றார். நான் மூன்று தடவை எழுந்து போய்ச் சொன்னேன். டாக்டர் வருவார், உட்காருங்கள் என்று மூன்று தடவையும் ஒரே பதில். மூன்று மணி நேரம் கழித்து அவர் பெஞ்சிலிருந்து சரிந்த பிறகுதான் ஓடிவந்து ஈசிஜி எடுத்தார்கள். மனிதர் பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தின் பலம் பாதியாகிவிட்டது, இனிக் கடலுக்குப் போகவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த வாரமே புகார் எழுத உட்கார்ந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், என்னிடம் படித்த பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். ஆஸ்பத்திரியில் முதல் நாள் காப்பி கொடுத்தார்கள். அடுத்த முறை, பார்க்கிறோம் என்றார்கள். அதன் பிறகு கிணற்றில் போட்ட கல்தான். ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் வரிசையில் நின்று மனு கொடுத்தேன். அது சுகாதாரத் துறைக்குப் போயிற்று. நானும் பின்னாலேயே போனேன்.

எங்கே போனாலும் அவர் கூட வந்தார். வீட்டிலிருங்கள் என்றால் கேட்க மாட்டார். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று, மூச்சு வாங்குவதை மறைக்க ஜன்னல் வழியாக ரோட்டை வேடிக்கை பார்ப்பார். எனக்கு முட்டு வலிக்குமே என்றுதான் நிற்பதாகச் சொல்வார்.

கடைசியில் விசாரணைக்கு அழைப்பு வந்தது. கூடவே ஆஸ்பத்திரி கொடுத்த பதிலின் நகலும் வந்தது. வாயுத் தொல்லை என்று மனைவி கூறினார் என்று அவர்கள் பதிவேட்டில் இருந்தது. என் மனுவிலோ, நெஞ்சுவலி என்று தெளிவாகக் கூறினேன் என்றிருந்தது. எழுதியது நான்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தேன். சரியான சொல்லைச் சொல்லியிருந்தால் இந்த மனுஷன் இன்றைக்கும் கடலில் இருப்பாரே என்ற நினைப்பு என்னை அரித்துக்கொண்டிருந்தது. அதைத் தாங்க முடியாமல்தான் காகிதத்திலாவது சொல்லை மாற்றிவிட்டேன்.

நகலை அவரிடம் கொடுத்தேன். படித்தார். உள்ளதைச் சொல்லிவிடு, நடப்பது நடக்கட்டும் என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

விசாரித்த அதிகாரியும் ஒரு டாக்டர்தான், நிதானமானவர். ஆஸ்பத்திரி மேனேஜர் பதிவேட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். இரண்டில் எது உண்மை என்று அதிகாரி என்னிடம் கேட்டார்.

"வாயுன்னுதான் சார் சொன்னேன். மனுவுல மாத்தி எழுதுனது என் தப்பு."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அந்தச் சாய்வைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது.

"ஆனா சார், அது வாயுவா வேற என்னவுமான்னு எனக்கே தெரிஞ்சா, நான் ஏன் இவர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன்? பாத்துச் சொல்ல வேண்டியது அவங்கல்லா?"

அதிகாரி மேனேஜர் பக்கம் திரும்பினார். ஈசிஜி மிஷின் எங்கே இருக்கிறது என்று கேட்டார். பெஞ்சுக்கு அடுத்த அறையில் என்றார் மேனேஜர். அன்று அது வேலை செய்ததா என்று கேட்டார். செய்தது என்று பதில் வந்தது. இரண்டையும் எழுதிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. வராந்தாவில் உட்கார்ந்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். நோயாளி தரப்பில் எந்தச் சொல்லைச் சொல்லியிருந்தாலும், வந்தவுடன் ஈசிஜி எடுத்திருக்க வேண்டியது மருத்துவமனையின் பொறுப்பு என்றும், அதில் அவர்கள் தவறிவிட்டார்கள் என்றும் எழுதியிருந்தது. அந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மறுபடியும் வாசிக்கச் சொன்னார். கடலை இழந்த மனிதருக்கு இதிலாவது ஓர் ஆறுதல் கிடைக்கட்டும் என்று மூன்றாம் தடவையும் நிறுத்தி வாசித்தேன்.

"இப்பம் நம்புதியா?" என்றார். "எனக்கு அன்னைக்கே தெரியும், ஒன்மேல தப்பில்லன்னு. நான் சொன்னா டீச்சர் கேக்க மாட்டா. கவர்மெண்டு சீல் வச்சிச் சொல்லட்டும்னுதான் நானும் கூடவே படி ஏறுனேன்."

அவருக்காக நான் அலைகிறேன் என்றுதான் ஊரில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் காலை முதல் அழாத அழுகையெல்லாம் அழுதேன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.