சுடுதண்ணீரில் அலசிய ஃபிலிம்

கத்திரி வெயில் என்றாலே எனக்கு அந்த ஃபிலிம்தான் ஞாபகம் வரும்.

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் எங்களுக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ. டெவலப் செய்வது என் கணவர். படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ மருந்து போகும்வரை தண்ணீரில் அலசுவது நான். பக்கத்துக் கிராமமான அடி அண்ணாமலையிலிருந்து ஒரு அம்மா, புதுப் பாவாடை கட்டிய மகளைக் கூட்டிவந்து படம் எடுத்துப் போயிருந்தாள். ரோல் முடியட்டும் என்று நாங்கள் ஃபிலிமைக் கேமராவிலேயே விட்டிருந்தோம். அதற்குள் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. வேறு படமே கிடையாது.

ஒரு கத்திரி வெயில் மத்தியானம் அந்த அம்மா படத்தைக் கேட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். என் கணவர் டெவலப் செய்து, ஹைப்போவில் போட்டுவிட்டு, "நல்லா அலசிடு" என்று கல்யாண ஆர்டருக்குக் கிளம்பிவிட்டார்.

குழாயைத் திறந்தேன். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கொதித்தது. கொஞ்ச நேரத்தில் ஃபிலிமின் ஓரம் பாலாடை மாதிரி சுருங்கி எழும்பியது. இன்னும் அலசினால் முகமும் உரிந்துவிடும். நிறுத்தினால் ஹைப்போ தங்கி, நாளடைவில் மஞ்சளித்து அழிந்துவிடும்.

"என்னம்மா, நல்லா வந்திருக்கறாளா?" என்று வெளியிலிருந்து குரல்.

"இருங்கக்கா, அலசிட்டிருக்கேன்."

கடைக்கு வருகிறவர்கள் குடிக்கத் தண்ணீர் வைத்திருந்த மண்பானையை ஓடிப்போய்த் தூக்கிவந்தேன். ஒரேயடியாக ஊற்றவும் பயம். சூட்டிலிருந்து சட்டென்று குளிருக்குப் போனால் படம் முழுக்கச் சுருக்கம் விழுந்துவிடும். டம்ளர் டம்ளராகக் கலந்து ஆற்றினேன், கொட்டினேன், புதிதாக ஊற்றினேன். எந்தத் தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேனோ தெரியாது. பானை காலியானபோது, உரிந்தது ஓரத்தோடு நின்றிருந்தது.

அதற்குமேல் பொறுக்காமல் அவள் உள்ளே வந்துவிட்டாள். ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். நெகட்டிவ் அல்லவா, முகம் கறுப்பாகவும் முடி வெள்ளையாகவும் தெரிந்தது. அவள் விரல் நேராக அந்த முகத்தை நோக்கி வந்தது. ஈரத்தில் நகம் பட்டாலே வழித்துக்கொண்டு போய்விடும்.

"தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன்.

அவள் பதறிக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "தொடலம்மா, தொடல" என்றாள். அப்புறம் கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"அதுக்குள்ள தலையெல்லாம் நரைச்சிப்போச்சே எம்பொண்ணுக்கு."