ஆம்பூரில் மனை பார்க்க வந்தவர்கள்

ஆம்பூர் என்று சொன்னதும் வெளியூர்க்காரர்கள் பிரியாணி என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தெற்கே ஜவ்வாது மலை, வடக்கே ஆந்திர எல்லைக் காடு, நடுவில் பாலாறு, ரயில் பாதை, பெங்களூர் சாலை. ஆற்றுத் தண்ணீரும் ஆவாரம்பட்டையும் சல்லிசாகக் கிடைத்ததால் வெள்ளைக்காரன் காலத்திலேயே வாணியம்பாடி முதல் எங்கள் ஊர் வரை தோல் பதனிடும் டேனரிகள் வந்துவிட்டன. பின்னால் ஷூ கம்பெனிகள் வந்தன. நாங்கள் தைத்த ஷூவை எந்த நாட்டுக்காரனோ போட்டுக்கொண்டு நடக்கிறான். கழிவு மட்டும் கப்பலேறாமல் எங்கள் காலடியிலேயே தங்கிவிட்டது.

என் அக்காவும் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்காருகிறவள்தான். புருஷன் போன பிறகு வாடகை வீடுகளில் குடத்துக்குக் குடம் சண்டை போட்டே காலம் தள்ளினாள். சொந்தமாக ஒரு மனை, அதில் ஒரு போர்வெல், யாரிடமும் கெஞ்சாமல் தண்ணீர். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

ஆற்றோரம் ஒரு மனை விலைக்கு வந்தது. பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். எங்கள் பக்கத்தில் மனை வாங்குகிறவர்கள் பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துப் பார்ப்பார்கள். அந்த வீட்டு அம்மா, பளபளவென்று தேய்த்த பித்தளைக் குடத்திலிருந்து மொண்டு கொடுத்தார். அப்படி ஒரு ருசி. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த வாரமே முன்பணம் கொடுத்துவிட்டாள்.

கேன் தண்ணீரை வாங்கிக் குடத்தில் ஊற்றி வைப்பது இங்கே வீட்டுக்கு வீடு உள்ள பழக்கம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நாலு பேர் வருகிற இடத்தில் கேனை வைத்தால் கௌரவக் குறைச்சலாம். இது தெரிந்த எங்கள் இருவருக்கும் அந்த நேரத்தில் புத்தி எங்கே போனதோ!

பத்திரம் முடித்து, போர் போட்ட அன்று டீ நிறத்தில் தண்ணீர் வந்தது. வாயில் வைக்க முடியவில்லை. அக்கா நேரே பக்கத்து வீட்டுக்குப் போய்க் கத்தினாள்.

“குடிக்கத் தண்ணி கேட்ட, குடுத்தேன். போர் தண்ணியான்னு கேட்டியா? எங்களுக்கும் இதே கதிதான், இன்னா பண்றது?” என்றார் அந்த அம்மா.

வேறு வழியில்லாமல் அங்கேயே வீட்டைக் கட்டிக் குடிபோனாள். குளித்தால் உடம்பு அரிக்கிறது. குடிக்கக் கேன்தான்.

போன மாதம் நான் அங்கே இருந்தபோது, எதிர் மனையைப் பார்க்க ஒரு இளம் தம்பதி வந்தார்கள். அக்காவிடம் தண்ணீர் கேட்டார்கள். அக்கா வீட்டிலும் குடம் இருந்தது. அவள் அதைத் தொடாமல் பின்பக்கம் போய் போர் குழாயில் பிடித்து வந்து நீட்டினாள். அந்தப் பெண் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினாள்.

“இதாம்மா இந்தத் தெரு தண்ணி. யோசிச்சு வாங்குங்க,” என்றாள் அக்கா. அவர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

சாயங்காலம் தெருவே வாசலில் கூடிவிட்டது.

“உன்னால மனை ரேட்டு கம்மியாய்டும். நாளைக்கு அவசரத்துக்கு விக்கணும்னா எவன் வாங்குவான்?”

“கம்பெனி சோறு துன்னுட்டு கம்பெனி பேர கெடுக்கறியா?”

எனக்கு ரத்தம் கொதித்தது. ஆறு செத்தபோது எந்த டேனரி வாசலிலாவது இவர்கள் இப்படிப் போய் நின்றதுண்டா? அக்கா வீட்டு வாசல் என்றால் மட்டும் எங்கிருந்து வருகிறது இத்தனை வீரம்? அதையே அவர்கள் முகத்துக்கு நேரே கேட்டேன். இன்னும் கேட்டிருப்பேன். அக்கா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

“கத்தாத. காலைல கம்பெனி பஸ்ல நான் இவங்க பக்கத்துலதான் உக்காந்து போவணும்.”