ஈரம் ஏறிய இடம்

படகு தள்ளும் மூங்கில் கழியை ஏரியில் ஊன்றி எடுத்து, ஈரம் ஏறிய இடத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்க்கிறார் கலியன். இடுப்பளவு. பழவேற்காட்டு ஏரியில் நாற்பது வருடம் தொழில் செய்தவருக்கு ஆழம் தெரியாதா? தெரியும். ஆனாலும் கழியைக் கேட்காமல் எதையும் சொல்லமாட்டார்.

அவருக்கு ஒரே கொள்கை. காற்று, மீன், குப்பம்மாள் அவருக்கு மனைவியாக வாய்த்தது, எல்லாமே உலகம் தொடங்கிய அன்றே முடிவாகிவிட்டது. "நாம இன்னாத்த மாத்தப் போறோம்? எல்லாம் எழுதி வெச்சது" என்பார், கொசுவை அடித்தபடியே. கொசுவுக்கும் எழுதியிருக்கும் போல.

பள்ளிக்கூட வாத்தியார் வீரராகவன் ஒருநாள் அவரை மடக்கப் பார்த்தார். "அப்படின்னா உன் வாயில வர்ற பேச்சும் எழுதி வெச்சதுதானேய்யா? அதுல நெஜம் ஏது, பொய் ஏது?"

கலியன் கழியைக் காட்டினார். "இது தானா நனையல சார். தண்ணி நனைக்குது. அதுக்கோசரம் ஆழம் பொய்யா பூடுமா?"

வாத்தியார் பேச்சை மழைக்கு மாற்றினார்.

ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பார்கள். பாடு என்று அதற்குப் பெயர். சீட்டெழுதுகிறவர் கலியன். நான்கு வருடமாக அவருக்கு விழுந்தது சேற்றுப் பாடுதான். இந்த 1968ஆம் வருடக் குலுக்கலில் முதல் சீட்டே அவர் பெயர். முதல் சீட்டுக்கு இறால் கொழிக்கும் முகத்துவாரம். தள்ளி நின்ற குப்பம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள்.

எல்லாப் பாடும் பிரித்தாயிற்று. சீட்டுக் குடத்தைக் கவிழ்க்கப் போன கலியன் கையில் இன்னொரு சீட்டு தட்டுப்பட்டது. அதிலும் அவர் பெயர். எழுதினோமா இல்லையா என்ற சந்தேகத்தில் காலையில் இரண்டாம் தடவை எழுதியது. யாரும் பார்க்கவில்லை. கசக்கி மடியில் செருகியிருந்தால் விஷயம் முடிந்தது. சீட்டை எல்லாருக்கும் தெரியும்படி விரித்துப் பிடித்தார்.

ஊர்த் தலைவர் நாகமுத்துவுக்கே மனசு கேட்கவில்லை. "வுடு கலியா. இதுவும் எழுதி வெச்சதுன்னு வெச்சிக்க."

"எழுதினதுதாண்ணே. ஆனா ரெண்டு சீட்டுன்னா ரெண்டுதான?"

மறுபடி குலுக்கினார்கள். சேறுதான் விழுந்தது.

படகில் ஏறியதும் குப்பம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் எழுதினதுன்னா, வாய மூடிக்கினு இருந்திருக்கக் கூடாதாய்யா?" என்றாள்.

கலியன் கழியை ஊன்றி எடுத்தார். ஈரம் ஏறிய இடத்தில் கட்டைவிரலை வைத்து, அவள் முன் நீட்டினார்.